இருபத்தோராவது கட்டம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
கண்டெய்னர் லாரிகள் நின்றது போக மிஞ்சிய மைதானத்தில்
ஐம்பது ஓவர் இனிமேல் இல்லை என்று
போன செவ்வாய் ராத்திரி முடிவானது.

ஒன்பது பேர். பரோட்டா கடை பெஞ்சு.
ஐந்து டீ, ஒன்பதாக்கியது.

ஆளுக்கு ரெண்டா வெட்டிக்கலாம் என்றான் புருஷோத்:
இருபத்தஞ்சு நீ, இருபத்தஞ்சு நான்,
மறுபடி இருபத்தஞ்சு நீ.
"மறுபடி எப்போ? எண்ணூர்ல லைட்டு போட்டப்புறமா?"
இருபது போதும் என்றான் ஷெரிப்.
பத்து, என்றது ஒரு குரல்,
மொபைலிலிருந்து தலையை எடுக்காமலே.
வெயில் ஏறியபின் காசிமேட்டில் சங்கராவுக்கு இறங்குமே,
அப்படி இறங்கிக்கொண்டே வந்தது ஓவர்.

கெட்டவர்கள் யாருமில்லை அங்கே.
"பதினஞ்சுக்கும் நாப்பதுக்கும் நடுவுல
இன்னாதான் நடக்குது சொல்லு?
தட்றான் ஓட்றான், தட்றான் ஓட்றான்.
பீடி வாங்கப் போனவன்
கல்யாணம் கட்டிகினு வந்து பாத்தாலும்
ஒரே விக்கெட்தான் போயிருக்கும்."
சிரித்தோம். நானும்தான்.

டில்லிபாபு சிரித்தானா என்று பார்த்தேன்.
அந்தப் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில்
பதினோரு வருஷமாக நிற்கிறவன்.
ஐஸ் பாக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து
விரல் இருப்பதே தெரியாத கையால் மட்டையைப் பிடிப்பான்.
வெயில் ஏற ஏற
ஒவ்வொரு விரலாகத் திரும்பி வரும்.
பாயிண்ட் பக்கம் ஒன்று. லாங் ஆனுக்கு ஒன்று.
அவன் பெயருக்கு நேரே நான் ஆறு எழுதியதில்லை:
அடித்தால் பந்து ரயில்வே சுவருக்கு அந்தப் பக்கம்,
புதுப்பந்து நூற்றுப்பத்து ரூபாய்.

கை தூக்கச் சொன்னார்கள்.
முதல் கை அவனுடையது.
"மூணு மணிக்கு பொண்ண டியூஷன்ல உடணும்பா.
இருபதுன்னா ஆடுவேன்.
அம்பதுன்னா பேர் மட்டும் குடுப்பேன்."

நான் ஸ்கோரர், எனக்கு ஓட்டு இல்லை.
துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிற டாலி கிளார்க்;
ஞாயிறானால் ரன் எண்ணுகிறேன்.
என் கவலையெல்லாம் நோட்டு.
மண்ணடியில் மொத்தமாக வாங்கிய பன்னிரண்டிலும்
பக்கத்துக்கு ஐம்பது கட்டம் அச்சடித்திருக்கிறது.

முதல் ஞாயிறு.
பத்தரைக்குள் எல்லாம் முடிந்தது.
ஏழாவதாக இறங்கினான் டில்லிபாபு.
"சுத்து! சுத்து!" என்று கத்தினார்கள். சுற்றினான்.
காற்றுக்குத்தான் அடி விழுந்தது.
அடுத்த பந்தில் ஒன்று தட்டி, இரண்டாவதுக்கு ஓடி
ரன் அவுட்.
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
உள்ளங்கையைப் பிரித்துப் பிரித்து மூடினான்.
"வெரலு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சே சார்."
குறையாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னான்.

எல்லோரும் போனபின்
இருபத்தோராவது கட்டத்தை
பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு டிரெய்லர் பின்னாலேயே வந்து
பிட்ச் மேல் நின்றது.
புள்ளி வைத்தேன்.
மணலிப் பக்கம் புகை நேராக மேலே போனது.
புள்ளி.
கிளீனர் பையன் இறங்கி ஸ்டம்ப் குழியில் ஒன்றுக்குப் போனான்.
அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை,
வைடு போட்டேன்.

மூன்று மணிக்கு கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில், நிலக்கரி.
எனக்கு முன்னால் டிவிஎஸ்ஸில் டில்லிபாபு,
பின்சீட்டில் மகள், மடியில் கணக்கு நோட்டு.
"எத்தினி பெட்டிப்பா?"
"அவரக் கேளு, அவருக்கு அதான் வேல."

எண்ணத் தொடங்கினேன்.
பதினைந்தைத் தாண்டினால் எல்லாம் ஒரே கறுப்பு,
ஒரே சக்கரம், ஒரே தடக்தடக்.
ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார்,
ரயிலுக்குக் கேட்கும் என்பதுபோல.
இருபத்தொன்பதில் எனக்குத் தவறிவிட்டது.

அவளுக்குத் தவறவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
டில்லிபாபு
இஞ்சினை அணைத்தான்.